கை நின்ற மூன்று விநாடி

சபைக் கூடத்தின் நடுவில், சபாநாயகர் மேடைக்கு நேர் கீழே, பள்ளம் மாதிரி ஓர் இடம் உண்டு. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. நாட்டை ஆளுகிறவர்களும் ஆள நினைக்கிறவர்களும் பேசுவதை அங்கே உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் சுருக்கெழுத்தில் எழுதுவதுதான் அவருடைய வேலை. முப்பத்தொரு வருஷம் எழுதிவிட்டார். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கமா'. ஒரு கமா வருமா வராதா என்று அச்சகத்துக்காரரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கமா'. அவருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லிப் பொருமலாம் என்றால், அதற்கு வீட்டில் ஆள் இல்லை.

அந்த வேலைக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஐந்தே நிமிடம்தான் எழுதுவார். அது முடியும் சமயத்தில் அடுத்தவர் ஓசைப்படாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுவார். கடைசி ஒன்றிரண்டு வாக்கியங்களை இரண்டு பேருமே எழுத வேண்டும், நடுவில் எதுவும் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு முதல் ஆள் எழுந்து போய்த் தன் ஐந்து நிமிடத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். இப்படியே போனதால் கமா ஒரு விவாதத்தைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. சண்டை ஆரம்பிப்பதைக் கேட்டிருப்பார், எப்படி முடிந்தது என்று தெரியாது. யாரோ சொன்ன நகைச்சுவையின் முன்பாதியை எழுதியிருப்பார், மற்றவர்கள் சிரிக்கிற சத்தம் கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் காதில் விழும். ரொம்பப் பேருக்கு வாழ்க்கையே அப்படித்தான் போகிறது, அவருக்குச் சம்பளத்தோடு போயிற்று.

இன்னொரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதுகிறவர் கேட்கக் கூடாது. காது சத்தத்தை வாங்க வேண்டும், கை எழுத வேண்டும், அவ்வளவுதான். அர்த்தம் மனசுக்குள் போனால் கை நின்றுவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது வாரம் ஒரு தரம் நடக்கும். கமாவுக்கு முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நடந்தது. அந்த ஒரு தடவைதான் கடைசியில் அவர் தலையில் வந்து விடிந்தது.

பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு மதியம் அது. யாருடைய தொலைபேசியையும் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே அரசாங்கம் ஒட்டுக்கேட்கலாம் என்று அன்றைய ஆட்சி ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. எதிர்த்துப் பேச எழுந்தவர் ஒரு சின்னக் கட்சியின் தலைவர். அவர் கட்சிக்குச் சபையில் எப்போதும் ஐந்து இடம்தான், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதனால் அவருக்கு 'ஐந்து ஓட்டுக்காரர்' என்று பெயர். கமாவின் முறை முடிகிற நேரம். அடுத்த முறைக்காரி, அவரைவிட நாலு வயது இளையவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து பென்சிலை ஊன்றிவிட்டாள். ஐந்து ஓட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என் வீட்டுத் தொலைபேசியைக் கேட்பவன், என் மனைவியின் இருமலையும் சேர்த்துத்தான் கேட்கிறான். அதைக் கேட்க அவன் யார்? நான் இந்தப் பக்கம் இருந்தாலும், அந்தப் பக்கம் இருந்தாலும், இப்படியொரு சட்டத்துக்கு என் கை உயராது."

இருமல் என்ற சொல்லில் கமாவின் கை நின்றுவிட்டது. அவர் மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுப்போய்க் கிடந்தாள். காலையில் அவர் கிளம்பும்போது இருமியபடியே கையை ஆட்டி வழியனுப்பியிருந்தாள். மூன்று விநாடிதான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கேட்டார், நன்றாகவே கேட்டார், ஆனால் கை எழுதவில்லை. வெளியே வந்து பார்த்தால் நோட்டில் இருமலோடு வரி நின்றிருந்தது. தன் ஐந்து நிமிடத்தை முடித்துவிட்டு வந்த அடுத்த முறைக்காரி ஒன்றும் கேட்காமல் தன் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதிக்கோங்கண்ணா. என்கிட்ட முழுசா இருக்கு."

அதைப் பார்த்துத் தட்டச்சில் சேர்த்தார். அவர் காதில் விழுந்ததும் அவள் நோட்டில் இருந்ததும் ஓர் எழுத்து மாறவில்லை. மறுநாள் ஐந்து ஓட்டுக்காரர் வழக்கம்போலப் பதிவைச் சரிபார்க்கச் சபையின் சுருக்கெழுத்து நிருபர்கள் இருக்கும் அறைக்கு வந்தார். உறுப்பினர்கள் வருவார்கள், இந்த வார்த்தையை மாற்றுங்கள், அதை எடுங்கள் என்று பிடுங்கி எடுப்பார்கள். அவர் படித்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும். ஒண்ணும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார். கமாவின் முகத்தைப் பார்த்து என்ன என்று விசாரித்தார். சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை என்றார் கமா. அந்த மசோதா அப்போது தோற்றது. கமாவின் மனைவி அதற்கு அடுத்த மாதம் போய்விட்டாள்.

பிள்ளை குட்டி கிடையாது. ஊர் விட்டு ஊர் போன ஒரு மச்சான் உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மனைவி இறந்த வருஷமும் அவர் அப்படித்தான் வருவதாக இருந்தார். ரயில் எப்போது வரும் என்று கேட்கக் கமா ரயில் நிலைய விசாரணை எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்த பெண், "நாப்பது நிமிஷம் லேட் சார். அவசரப்படாம சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். சாப்பிட்டுட்டு வாங்க என்று அவரிடம் ஓர் ஆள் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மறுநாளும் ஏழு மணிக்கு அந்த எண்ணை அழைத்தார். அதற்கடுத்த நாளும்.

பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் காலையிலிருந்து சாயங்காலம் வரை நூற்றிருபத்து மூன்று பேர் பேசுவதை எழுதுகிறான். அதில் ஒரு சொல்கூட அவனைப் பார்த்துச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கிறது. அவருக்குத் தனிமை பிடுங்கித் தின்றது. நாளடைவில் அந்தப் பெண்ணுக்கு அவர் குரல் பழகிவிட்டது. எந்த ரயில் என்று அவர் சொல்லுமுன்பே, "வாங்க ஏழு மணி சார், இன்னிக்கு எந்த வண்டி?" என்பாள். ஏதாவது ஒரு வண்டியைச் சொல்வார். அவள் நேரம் சொல்வாள். நன்றி சொல்லி வைத்துவிடுவார். எல்லாம் ஒரு நிமிடத்துக்கு உள்ளேதான். அதற்கு மேல் பேசினால் அவள் வேலைக்கு இடைஞ்சல் என்று அவருக்கே கூச்சம்.

இந்த வருஷம் அதே மசோதா வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அன்றைக்கு எதிர்த்தவர்கள் இப்போது ஆட்சியில் இருந்தார்கள். அன்றைக்குக் கொண்டுவந்தவர்கள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்து சுதந்திரம் போச்சு என்று மேசையைத் தட்டினார்கள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கத்து நாற்காலிக்கு ஒரே வாய்தான் போலிருக்கிறது. ஆட்சிக்கு ஐம்பத்தெட்டு, எதிர்க்கட்சிக்கு அறுபது, நடுவில் ஐந்து ஓட்டுக்காரர். கணக்கு எல்.கே.ஜி. பிள்ளைக்கும் புரியும். அவர் கை தூக்கினால் சட்டம், இல்லாவிட்டால் இல்லை.

ஒரு வியாழக்கிழமை, எதிர்க்கட்சித் தலைவர் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து அந்த வரியை உரக்கப் படித்தார். "இந்தப் பக்கம் இருந்தாலும், அந்தப் பக்கம் இருந்தாலும். சொன்னது யார்? இதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்." சபை ஐந்து ஓட்டுக்காரரைப் பார்த்தது. அவர் மெதுவாக எழுந்தார்.

"பேரவைத் தலைவர் அவர்களே, நான் அந்த மசோதாவை எதிர்த்தது உண்மை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையதல்ல. பதிவு செய்தவரின் பிழை. எழுதிய கை தானாகச் சேர்த்துக்கொண்டது."

அப்போது பள்ளத்தில் எழுதிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கமாதான். தன்னைக் குற்றம் சாட்டுகிற வாக்கியத்தைத் தானே எழுதினார், முற்றுப்புள்ளி வரைக்கும். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

அந்தப் பேச்சுக்கு வேறு சாட்சி எதுவும் இல்லை. ஒலிநாடாவை அச்சுப் புத்தகம் வந்ததும் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். நிருபர்களின் நோட்டுகளை மூன்று வருஷத்தில் கூழாக்கிவிடுவார்கள். மிச்சம் இருந்தது இரண்டு ஞாபகம். ஒன்று அவருடையது. மற்றது அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவளுடையது. அவள் இப்போது தலைமை நிருபர். தனி அறை, தனி மின்விசிறி. பதவி வந்த பிறகும் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுவதை விடவில்லை. மாதம் ஒரு தடவை அவர் அவள் வீட்டுக்குப் போன் செய்வார், அண்ணி இருந்த காலத்துப் பேச்சு ஏதாவது பேசுவார்கள்.

அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தார்.

"அன்னிக்கு என் கை நின்னுச்சேம்மா, ஞாபகம் இருக்கா? உன் நோட்டைப் பாத்துதான் எழுதினேன்."

"எப்படி மறக்கும்ணா? அவர் சொன்னதை நானும்தான் கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை அதுதான்."

"அது போதும்மா" என்று சொல்லி வைத்தார். அன்று நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை உள்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, சலவைச் சட்டை, பேச்சில் வெண்ணெய். நிருபர் அறைக்குப் பக்கத்திலிருந்த, பழைய நாற்காலிகள் போட்டு வைக்கிற அறையில் கமாவை உட்கார வைத்து ஒரு தாளை நீட்டினார். இரண்டே வரி. 'அன்று எழுதும்போது என் கை சற்று நின்றுவிட்டது. அந்த வாக்கியம் என் குறிப்பேட்டில் இல்லை.'

"கீழே ஒரு கையெழுத்து சார், போதும். இதுல ஒரு பொய்யாவது இருக்கா, நீங்களே சொல்லுங்க."

கமா தாளை இரண்டு தடவை படித்தார். பொய் இல்லை.

"என் கை நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. வியாழக்கிழமை சாயங்காலம்."

கமாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சட்டம் இன்னும் வரலையேப்பா."

"வந்துடும் சார். நடக்கறதுக்கு ஒரு சட்டம் வேணாமா? அதுக்குத்தானே இவ்வளவு பாடு." அதிகாரி சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலில் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. மசோதா வந்ததுலேருந்து மூணு வாரமா கேக்கறோம். தினம் ஏழு மணிக்கு ரயில் விசாரணைக்குப் பேசறீங்க. ஆனா எந்த ரயில்லயும் நீங்க ஏறல, உங்களைப் பாக்கவும் யாரும் வரல. எங்க பசங்க ஏதோ சங்கேத பாஷைன்னு நெனச்சு, வண்டி நேரத்தையெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்திருக்காங்க. என்ன சார் அது?"

கமாவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது. திருடு, லஞ்சம், கள்ள உறவு என்று ஏதாவது பிடிபட்டிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார். சாப்பிட்டீர்களா என்று யாராவது கேட்க மாட்டார்களா என்ற ஏக்கம் பிடிபட்டுவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் மறைப்பது? இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு நாள் மாலை, வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்து அவர் போனை வைத்த பிறகு வாய்விட்டு மனைவியின் பெயரைச் சொன்னதுண்டு. அதுவும் அவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்று நினைத்துப் பார்த்தார். வைத்த போனில் எதுவும் போகாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் நினைத்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமை நிருபரின் அறைக்குப் போனார். அவள் கதவைச் சாத்தச் சொன்னாள். கண் சிவந்திருந்தது. அந்தச் சலவைச் சட்டை அவளிடமும் போயிருந்தது.

"அண்ணா, என் நோட்டு கூழாயிடுச்சு. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

"வியாழக்கிழமை இருந்துச்சேம்மா."

"இருந்துச்சு. இப்ப இல்ல. என் பெரியவன் போன வாரம்தான் அரசாங்க வேலைக்கு இன்டர்வியூ போயிட்டு வந்தான். அதையும் அந்த ஆள் கேட்டான், சும்மா விசாரிக்கற மாதிரி." அவள் மேசையைப் பார்த்தபடியே பேசினாள். "நீங்க விளக்கம் எழுதினா என் பேரைச் சேக்காதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன்."

"சேக்க மாட்டேன். கால்லயெல்லாம் விழ வேணாம்."

"இன்னொண்ணுண்ணா. இனிமே வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க."

சரி என்றார். அவள் சொன்னதில் குற்றம் காண அவருக்கு மனசு வரவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதுதான், இனி இந்த ஊரில் தன் பெயரைத் தெரிந்த யாருக்கும் தன்னால் போன் செய்ய முடியாது என்பது அவருக்கு உறைத்தது.

புதன்கிழமை ஐந்து ஓட்டுக்காரரே வந்தார். மதிய இடைவேளையில் நிருபர் அறையில் கமா மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் தலைவர் முடி கொட்டி, உடம்பு ஒடுங்கியிருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்ல உடம்பு சரியில்லாம இருந்தாங்களே. எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்க. பத்து வருஷம் ஆகுது."

"அடடா. எனக்கும் போன வருஷம் போயிட்டாங்க. அதே இருமல்தான்."

இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருந்தால் இரண்டு கிழவர்களும் அழுதிருப்பார்கள், கதையும் வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் அரசியல்வாதிக்குக் கைக்கடிகாரம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"நான் சொன்னேன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மறைக்கல. இப்போ என் அஞ்சு தொகுதிக்கும் நடுவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி தர்றேங்கறாங்க. நெஞ்சு நோய்க்குத் தனிக் கட்டடம். நான் கை தூக்கினா அடுத்த மாசம் அஸ்திவாரம். ஒரு வரியா, ஒரு ஆஸ்பத்திரியா? நீங்களே சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிதான் பெருசு. வாங்கிக் கட்டுங்க."

"அப்புறம் என்ன?"

"மனசு மாறிடுச்சுன்னு எழுந்து சொல்லுங்க. அன்னிக்கு அப்படிச் சொன்னேன், இன்னிக்கு ஆஸ்பத்திரிக்காக இப்படிப் பண்றேன்னு சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம நான் எழுதித் தர்றேன்."

தலைவர் வலிந்து சிரித்தார். "எட்டு மாசத்துல தேர்தல். என் சுவரொட்டியில முப்பது வருஷமா என்ன போட்டிருக்கு தெரியுமா? சொன்ன சொல் மாறாதவர். இப்போ சொல் மாறினா, மாறிட்டான்னு சொல்வாங்க. நீங்க தப்பா எழுதினதா இருந்தா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. உங்களை யாருக்குத் தெரியும்?"

கெட்ட எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, குறைந்த சேதாரம் எதில் என்று பார்த்துத்தான் சொன்னார். கமா டப்பாவை மூடினார்.

"என்னை யாருக்கும் தெரியாதுதான். எனக்குன்னு இருக்கறது அந்தப் புத்தக வரிசை ஒண்ணுதான். அதுல தப்பு இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டா, நான் இந்த முப்பத்தொரு வருஷம் எங்க இருந்தேன்?"

தலைவர் எழுந்தார். கதவருகில் நின்று, "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றார். அந்த நேரத்தில் அந்தச் சொல் அந்த ஆளிடமிருந்து வந்ததை நினைத்து நினைத்துக் கமா அன்று முழுதும் எரிச்சல்பட்டார்.

வெள்ளிக்கிழமை கமா தன் விளக்கத்தைக் கொடுத்தார். இரண்டு வரிக்குப் பதில் ஒரே வரி. 'பதிவு சரி.' தலைமை நிருபரின் பெயர் இல்லை, கை நின்ற கதை இல்லை. சாட்சி இல்லாத வரிக்கு என்ன மதிப்பு? அவருக்கே தெரியும். கை நின்றதை மறைத்தது உறுத்தியது. சொன்னால் அவள் நோட்டைப் பார்த்து எழுதியதும் வெளியே வரும், அதனால் சொல்லவில்லை. சபாநாயகர் அதைப் படித்துவிட்டு, அந்த வாக்கியம் ஐயத்துக்கு உரியது என்று தீர்ப்புச் சொன்னார். நூலகத்தில் இருந்த பன்னிரண்டு பிரதிகளிலும் அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்ட உத்தரவாயிற்று. வாக்கெடுப்பு அடுத்த செவ்வாய் என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை முதலில் குரல் வாக்கெடுப்பில் கத்தித் தீர்த்தார்கள். பிறகு எழுந்து நின்று கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். முறைப்பட்டியல்படி அந்த ஐந்து நிமிடம் கமாவுக்கு விழுந்தது. தலைமை நிருபர் மாற்றிப் போட்டிருக்கலாம், போடவில்லை. ஒருவேளை அவளால் செய்ய முடிந்த மரியாதை அதுதானோ என்னவோ. ஐந்து ஓட்டுக்காரர் எழுந்து நின்றார், பின்னால் நாலு பேர் நின்றார்கள். பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அவர் கை தெரிந்தது. உயர்ந்துதான் இருந்தது. 'ஆம் 63, இல்லை 60. மசோதா நிறைவேறியது' என்று கமா எழுதினார். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆளும் அதையே எழுதினார்.

மதியத்துக்கு மேல் அவரை நூலகத்துக்கு மாற்றிய உத்தரவு வந்தது. மிச்ச நாளுக்கு அங்கேதான் வேலை. முதல் வேலையாகப் பன்னிரண்டு சீட்டும் ஒரு பசைப் புட்டியும் கொடுத்தார்கள். ஒட்டினார். நேராக, ஓரம் பிசகாமல், பன்னிரண்டையும் ஒட்டினார். எதையும் கோணலாகச் செய்ய அந்தக் கைக்குத் தெரியாது. கடைசிப் பிரதியை மூடியபோது, இனி அந்த வரி உலகத்தில் எங்கேயும் இல்லை என்று நினைத்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தார். டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. அந்த அதிகாரியைப் பார்த்த நாளிலிருந்து ஏழு மணிக்குப் போனைத் தொடவில்லை. அந்த வெட்கம் ஆறவில்லை. இன்றைக்கு மணி ஏழு ஆனதும் போன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேட்கிறவன் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான். சங்கேதமா என்று ஒவ்வொரு சொல்லையும் எழுதி வைக்கிறவன். எழுதியதை அவர்கள் அழிக்கவும் மாட்டார்கள். எண்ணை அழுத்தினார்.

"வாங்க ஏழு மணி சார்." அந்தக் குரலில் நிஜமாகவே ஒரு நிம்மதி இருந்தது. "எட்டு நாளா காணோமே. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். இன்னிக்கு எந்த வண்டி?"

"வண்டி வேணாம்மா. ஒரு ரெண்டு நிமிஷம் லைன்ல இருப்பீங்களா? நான் பேசப் போறது உங்ககிட்ட இல்ல. வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார். அவருக்கு."

அவள் தயங்கினாள். "சரி சார்."

கமா தொண்டையைச் செருமிக்கொண்டார். பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்த வேகத்தில், நிமிடத்துக்கு அறுபது சொல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எழுதிக்கொள்ளவும். பத்து வருஷத்துக்கு முன்பு சபையில் சொல்லப்பட்டது. என் வீட்டுத் தொலைபேசியைக் கேட்பவன், கமா, என் மனைவியின் இருமலையும் சேர்த்துத்தான் கேட்கிறான், முற்றுப்புள்ளி." முழுவதையும் சொன்னார். யார் சொன்னது, எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் சொன்னார். "எழுதியவர் கை இந்த இடத்தில் மூன்று விநாடி நின்றது. வாக்கியம் சரி. அவர் தன் காதால் கேட்டார். முற்றுப்புள்ளி."

மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"எழுதிட்டேன் சார்" என்றாள் அவள்.

"நீங்களா?"

"எழுதிக்கொள்ளவும்னீங்க. கையில பேனா இருந்துச்சு. படிக்கட்டுமா?"

படித்தாள். மெதுவாக, ஒலிபெருக்கியில் வண்டி அறிவிக்கிற அதே குரலில் படித்தாள். "நான் இந்தப் பக்கம் இருந்தாலும், இப்படியொரு சட்டத்துக்கு..."

"ஒண்ணு விட்டுப்போச்சும்மா. 'அந்தப் பக்கம் இருந்தாலும்.' அதுதான் முக்கியம்."

"சேத்துட்டேன் சார்." பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "உங்க சம்சாரமா சார், இருமல்?"

"அவர் சொன்னது அவர் சம்சாரத்தை. ஆனா என் சம்சாரமும்தான்."

"அதான் ரொம்ப நாளா தனியா இருக்கீங்களா. எனக்கும் இந்த வேலையில யாரும் பேச மாட்டாங்க சார். வண்டி எப்போம்பாங்க, வெச்சிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் நன்றி சொல்லிட்டு வைப்பீங்க. இத்தனை வருஷம் பேசறோம், ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது பாருங்க. என் பேரு..."

"சொல்லாதீங்கம்மா."

அவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லிடாதீங்க. நான் சொன்னேன்ல, வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார்னு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க. என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. நேரம் கேக்கற யாரோ ஒரு ஆள்."

"சரி சார்." குரல் சிறுத்திருந்தது. "நாளைக்குப் பேசுவீங்களா?"

கமாவுக்கு அந்தப் பெயரைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. இந்தப் பத்து வருஷத்தில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"இனிமே எனக்கு வண்டி எதுவும் இல்லம்மா. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"சாப்பிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் நாற்காலியைப் போன் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏழே கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். போனை எடுக்கவில்லை.